துணி வித்தவர் தளபதி ஆனார்!

செமஸ்டர் லீவுல இன்-ப்ளான்ட் ட்ரெயினிங்குக்காக கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஒரு ஃபவுண்ட்ரிக்குப் போயிருந்தேன். உலை பக்கத்துல நின்ன பீகார் அண்ணன்கிட்ட ஊர் கேட்டேன். 'முங்கேர். எங்க ஊர்ல துப்பாக்கி செய்வாங்க'ன்னார் கூலா. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு! வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சா... செம கதை பாஸ்!

1600-களின் ஆரம்பத்துல, பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஆர்மீனியர்களை ஊரோட பெயர்த்து, இஸ்பஹான் பக்கத்துல புது ஜுல்ஃபாவில் குடியேத்தினார். அவங்க வாரிசுகள் வியாபாரத்துக்காக எங்கெங்கேயோ போனாங்க. சென்னை வரைக்கும் வந்தாங்க. பாரிமுனை ஆர்மீனியன் தெரு ஞாபகம் இருக்கா? அவங்க பேர்தான்!

அப்படி வங்காளத்துக்குப் போனவர் கோஜா கிரிகோரி. பார்த்த தொழில், துணி அளந்து விக்கிறது. 1760-ல நவாப் ஆன மீர் காசிம், இவரை 'குர்கின் கான்' ஆக்கி படையையே ஒப்படைச்சார். தர்பார் மொழி பாரசீகம். ஜுல்ஃபாக்காரருக்கு அதைச் சொல்லித் தரணுமா என்ன?

நவாப் தலைநகரை முர்ஷிதாபாத்துலேர்ந்து முங்கேருக்கு மாத்தினார். குர்கின் கான் அங்கே பட்டறை போட்டு பீரங்கி, துப்பாக்கி செய்ய வெச்சார். வீரர்களுக்கு ஐரோப்பிய பாணியில் டிரில். கிழக்கிந்தியக் கம்பெனி துப்பாக்கிக்கு முங்கேர் சரக்கு சளைச்சதில்லைன்னு பேர்!

ஆனா, அவரோட சகோதரர் கோஜா பெட்ரூஸ் கல்கத்தாவில் ஆங்கிலேயர்களுக்கு நெருக்கம். போதாதா? 1763-ல கம்பெனியோட சண்டை மூண்டதும், 'அந்நியன், காட்டிக்கொடுத்துடுவான்'னு சந்தேகம் கிளம்புச்சு. சம்பளப் பாக்கி கேட்கிற சாக்குல சொந்த வீரர்களே அவரை வெட்டிட்டாங்க. தூண்டிவிட்டதே நவாப்தான்னு அப்பவே பேச்சு. அடுத்த வருஷம் பக்சார்ல நவாப் தரப்பும் தோத்துப்போச்சு. பட்டறை வேலை மட்டும் முங்கேர்ல இன்னும் உயிரோட இருக்கு.

இதை ஏன் சொல்றேன்னா... ட்ரெயினிங் கடைசி நாள் ஒரு வெர்னியர் காலிப்பர் காணோம். முதல்ல திறக்கச் சொன்னது அந்த அண்ணன் பையைத்தான். அப்புறம் அது வேற டேபிள் டிராயர்லேயே கிடைச்சுது. யாரும் ஸாரி சொல்லலை. பக்கத்துல நின்ன நானும் வாயைத் திறக்கலை.

வேலை தெரிஞ்சவன் வேணும், வெளியூர்க்காரன்னா நம்ப மாட்டோம். 260 வருஷத்துல நாம என்ன மாறினோம் மச்சி?

அடுத்த வாரம் அந்த ஃபவுண்ட்ரி வழியா போறேன். ஒரு ஸாரி பாக்கி இருக்கு!