ஒரே உரிமம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும் நடைமுறை: வாகன ஓட்டிகள் அறிய வேண்டியது என்ன?

பாட்னாவில் பெற்ற ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு பெங்களூருவில் கார் ஓட்டலாமா? ஓட்டலாம். எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டாலும் ஓட்டுநர் உரிமம் நாடு முழுவதும் செல்லும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. ஆயினும், வேலைக்காகவும் கல்விக்காகவும் மாநிலம் மாறுவோரிடையே இது குறித்த குழப்பம் நீடிக்கிறது. உரிமத்துக்கான விதியையும் வாகனப் பதிவுக்கான விதியையும் ஒன்றாகக் கருதுவதே இதற்கு முக்கியக் காரணம்.

வாகனத்தை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கு புதிய பதிவெண் பெற வேண்டும். உரிமத்துக்கு அத்தகைய காலவரம்பு இல்லை. அது செல்லுபடியாகும் வரை எங்கும் பயன்படுத்தலாம்.

அதிகாரப் பகிர்வு

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலிலும், வாகன வரி மாநிலப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளன. எனவே வயது வரம்பு, உரிமத்தின் வகைகள், செல்லுபடிக் காலம் ஆகியவற்றை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தீர்மானிக்கிறது. தேர்வை நடத்துவதும் அபராதத்தை வசூலிப்பதும் மாநில அரசுகளின் பொறுப்பு. சட்டம் ஒன்றாக இருந்தும் சாலையில் அனுபவம் வேறுபடுவது இதனால்தான்.

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. உரிமமின்றி வாகனம் ஓட்டுவதற்கான அபராதம் ரூ.500-இலிருந்து ரூ.5,000-ஆக உயர்ந்தது. தலைக்கவசம் அணியாததற்கு ரூ.1,000 என நிர்ணயிக்கப்பட்டது. சில நாள்களிலேயே குஜராத் அரசு தலைக்கவச அபராதத்தை ரூ.500-ஆகக் குறைத்தது. கர்நாடகமும் அதே வழியைப் பின்பற்றியது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட தொகைகள் 2022 அக்டோபரில்தான் அமலுக்கு வந்தன. சட்டம் வகுத்த குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே மாநிலங்கள் செல்ல இயலாது என மத்திய அரசு 2020 ஜனவரியில் அறிவுறுத்தியது. நீதிமன்றத்துக்குச் செல்லாமல் குற்றத்தை இணக்கமாக முடித்துக்கொள்ளும் தொகையை நிர்ணயிக்க 200-ஆவது பிரிவு மாநிலங்களுக்கு அதிகாரம் அளிப்பதே இந்த இழுபறியின் அடிப்படை.

தேர்வுக் களத்தின் தரம்

பழகுநர் உரிமம் பெற்று 30 நாள்கள் கழித்தே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும். பழகுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குச் செல்லும். இவை நாடெங்கும் பொதுவானவை. ஆனால் தேர்வு எவ்வளவு கடுமையாக நடத்தப்படுகிறது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. நாட்டில் உள்ள உரிமங்களில் 30 சதவீதம் போலியானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2019-இல் மக்களவையிலேயே குறிப்பிட்டார். 2022-இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்த நாட்டில் இதைச் சாதாரண நிர்வாகக் குறைபாடாகக் கருத முடியாது.

கேரள அரசு 2024-இல் தேர்வு முறையைக் கடுமையாக்க முற்பட்டது. ஒரு நாளில் நடத்தப்படும் தேர்வுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. வழக்கமான 'எச்' வடிவத் தேர்வுக்கு மாற்றாக, இணைநிலை நிறுத்தம், சரிவில் வாகனத்தை இயக்குதல் போன்ற திறன்களைச் சோதிக்கும் முறை முன்மொழியப்பட்டது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் போராட்டத்தில் இறங்கின. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அரசு சில தளர்வுகளை அறிவிக்க நேர்ந்தது. தரத்தை உயர்த்தும் முயற்சி எதுவாயினும், பயிற்சித் தொழிலை நம்பியிருப்போரையும், தேர்வுக்காகக் காத்திருப்போரையும் பாதிக்கும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

மற்றொரு பாதை, 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்கள். இலகுரக வாகனத்துக்கு அதிகபட்சம் நான்கு வாரங்களில் 29 மணி நேரப் பயிற்சியை முடித்து அங்கு தேர்ச்சி பெறுவோருக்கு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு உண்டு. இவ்விலக்கு எல்லாத் தனியார் பயிற்சிப் பள்ளிகளுக்கும் பொருந்தாது. 2024 ஜூனில் புதிய விதி வந்துவிட்டதாகப் பரவிய தகவலையும் மத்திய அரசு மறுத்துவிட்டது.

காலாவதியான உரிமமும் காப்பீடும்

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது உரிமத்தின் காலாவதி. முன்பு, காலம் முடிந்த பிறகும் 30 நாள்களுக்கு உரிமம் செல்லும் என்ற சலுகை இருந்தது. 2019 திருத்தம் அதை நீக்கிவிட்டது. தற்போதைய சட்டம் கூறும் ஓராண்டு அவகாசம், மீண்டும் தேர்வு எழுதாமல் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்வதற்கானது. வாகனம் ஓட்டுவதற்கானது அன்று. காலாவதிக்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்க முடியும் என்பதால், கடைசி நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இதில் பணயம் வைக்கப்படுவது அபராதத் தொகை மட்டுமல்ல. விபத்து நேர்ந்தால், ஓட்டுநரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருந்ததா என்பதையே காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்க்கும். உரிமம் இல்லாதவரிடம் உரிமையாளர் அறிந்தே வாகனத்தை ஒப்படைத்தது நிரூபணமானால், பாதிக்கப்பட்டவருக்கு வழங்கிய இழப்பீட்டை நிறுவனம் அவரிடமிருந்து வசூலிக்கலாம் என்பது 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. ஒரே ஒரு சரக்கு ஆட்டோவை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அத்தொகை வாழ்வாதாரத்தையே பறிக்கக்கூடும்.

இப்பின்னணியில், 2024 நவம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வழங்கிய தீர்ப்பு முக்கியமானது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்போர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களை ஓட்டத் தனி ஒப்புதல் தேவையில்லை என்று அமர்வு கூறியது. இத்தகைய ஓட்டுநர்களால்தான் விபத்துகள் கணிசமாக அதிகரித்தன என்பதற்குத் தரவு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

பெற்றோருக்கான எச்சரிக்கை

பதினாறு வயதில் ஓட்ட அனுமதிக்கப்படுவது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத இருசக்கர வாகனம் மட்டுமே. இன்று வீடுகளில் உள்ள பெரும்பாலான ஸ்கூட்டர்கள் இவ்வரம்பைத் தாண்டியவை. சிறுவர் அவற்றை ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்கப்படலாம். வாகனப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அச்சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற முடியாது.

தேர்வும் அபராதமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறலாம். உரிமத்தில் அச்சிடப்பட்டுள்ள காலாவதித் தேதி எங்கும் மாறாது. அதை இன்றே ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.