நாற்காலிக்கு எழுந்து நிற்கிறோம்

புதுச்சேரி மாண்புமிகு துணைநிலை ஆளுநர் அவர்களுக்கு,

காரைக்காலிலிருந்து எழுதுகிறேன்.

என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். தன்னை ஓயாமல் சிறுமைப்படுத்திய ஓர் அதிகாரிக்குக் கடைசி நாள்வரை விறைப்பாக நின்று சலாம் வைத்ததைச் சொல்வார். "அவன் தோள்ல இருந்த பட்டைக்கு வெச்சேன் தம்பி" என்பார். 2016 முதல் 2021 வரை அந்தச் சொல்லை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். அப்போது உங்கள் நாற்காலியில் இருந்தவர் கிரண் பேடி. அவர் அதிகாரம் செலுத்திய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அமைச்சரவை இலவச அரிசி என்றது. அவர் வங்கிக் கணக்கில் பணம் என்றார். 2019 பிப்ரவரி 13 அன்று முதலமைச்சர் நாராயணசாமி கறுப்புச் சட்டையுடன், துணைநிலை ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் எதிரே தெருவில் உட்கார்ந்தார். ஆறு நாள் போராட்டம். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் பணம் தரும் முடிவையே ஏற்றது. அந்த அம்மையார் பதவியை விட்டுப் போன பிறகும், அரிசி இல்லாத ரேஷன் கடைகள் பூட்டியே கிடந்தன. 2024 தீபாவளியை ஒட்டித்தான் மறுபடி திறந்தன. நெல் விளையும் எங்கள் மண்ணில் கிழவிகள் வெறும் பையோடு அலைந்ததை நான் மறக்கமாட்டேன்.

அந்தக் கோபத்தில் பலர் இந்தப் பதவியே வேண்டாம் என்றார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. முப்பது தொகுதிகளில் காரைக்காலுக்கு ஐந்துதான். இடையில் தமிழ்நாட்டைக் கடந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டுத்தான் எங்கள் கோப்பு புதுச்சேரி போய்ச் சேர வேண்டும். அங்குள்ள அமைச்சரவை எங்களை மறந்துவிட்டால், மனுவோடு போய் நிற்க எங்களுக்கு இன்னொரு வாசல் தேவை. அந்த வாசல் உங்களுடையது. அதனால்தான், உள்ளே இருப்பவரைப் பிடிக்காத நாளிலும் வாசலை மதித்தோம்.

ஒன்றியப் பிரதேச அரசுகளுக்கான 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆவது பிரிவு, அமைச்சரவையோடு கருத்து வேறுபட்டால் குடியரசுத் தலைவருக்கு அனுப்பும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. டெல்லி அரசுக்கும் அங்குள்ள துணைநிலை ஆளுநருக்கும் இடையிலான வழக்கில் அதே போன்ற அதிகாரத்தைப் பற்றி 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, எல்லாவற்றுக்கும் அதைக் கையில் எடுக்கக்கூடாது என்றது. அபூர்வமாக எடுத்தால்தான் அதற்கு மதிப்பு.

வாக்குச்சீட்டில் உங்கள் பெயரை நாங்கள் பார்த்ததில்லை. முதலமைச்சரின் நாற்காலியோ எங்கள் வாக்கால் ஆனது. அதில் இருப்பவரை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். எங்களுக்கே பிடிக்காமல் போகலாம். கோப்பைத் திருப்பி அனுப்பும்போது காரணத்தை எழுதி, தேதி போட்டு, மக்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். காரைக்கால் கோப்பாக இருந்தால் எங்கள் ஐந்து உறுப்பினர்களையும் முதலில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நீங்கள் காரைக்கால் வரும்போது நாங்கள் எழுந்து நிற்போம். முதலமைச்சர் உங்கள் அறைக்குள் வரும்போது நீங்களும் எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்கால் வாக்காளர் ஒருவர்