வேர்க்குரு என்று விட்டுவிடாதீர்கள்

திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் யார் கழுத்தில்தான் வேர்க்குரு இல்லை? அதனால்தான் பயமாக இருக்கிறது: மருந்தால் வரும் தடிப்பையும் வேர்க்குரு என்றே விட்டுவிடுவோம். இங்குள்ள ஊளம்பாறை மனநல மையத்தைத் தேடி எத்தனையோ குடும்பங்கள் வருகின்றன. அப்படி உங்கள் வீட்டில் ஒருவர் மனநிலையைச் சீராக்கும் மருந்துகளான லாமோட்ரிஜினோ கார்பமசெபினோ புதிதாகத் தொடங்கியிருந்தால், முதல் இரண்டு மாதம் அவர் தோலைக் கவனியுங்கள். பெரும்பாலான தடிப்புகள் சாதாரணமானவை. ஆனால் காய்ச்சலும் கண் சிவப்பும் சேர்ந்து, உதட்டின் உட்புறம் வெந்ததுபோல் புண்ணாகி, கஞ்சிகூட விழுங்க முடியாமல் போனால் அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. அடுத்த மாத்திரையைப் போடுமுன், இரவானாலும் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். வெறும் தடிப்புதான் என்றாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

லாமோட்ரிஜினை வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுவதற்குக் காரணமே இந்தத் தடிப்புதான். வால்ப்ரோயேட் என்ற மருந்தும் சேர்ந்தால் அதிலும் பாதி. ஐந்தாறு நாள் விட்டுப்போனால் பழைய அளவில் மீண்டும் போடக் கூடாது, மருத்துவரைக் கேளுங்கள்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. மனநோயாளி "உடம்பெல்லாம் அரிக்குது" என்றால், "அதுவும் உன் நினைப்புதான்" என்கிறோம். சட்டையை விலக்கி, வெளிச்சத்தில் நிறுத்தி, முதுகை ஒருமுறை பாருங்கள்.