கண்ணாடிக் கூண்டு

பாரிஸ் நகரத்தின் விசாரணை நீதிமன்றம் 2018-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஸேன் நதித் தீவிலுள்ள பழைய நீதி மாளிகையை விட்டு, நகரின் வடமேற்கு ஓரத்திலுள்ள பாத்திஞோல் என்னுமிடத்திற்குக் குடிபெயர்ந்தது. ரென்ஸோ பியானோ என்ற இத்தாலிய நிபுணர் வகுத்த புதுக் கட்டடம் சுமார் 160 மீட்டர் உயரமுள்ளது. 38 தளங்களும் 90 விசாரணை மண்டபங்களும் கொண்டது. அடுக்கிவைத்த கண்ணாடிப் பெட்டிகள்போல் மேலே போகப் போகச் சிறுத்து நிற்கிறது. அதன் மொட்டைமாடிகளில் மரங்கள் வளர்கின்றன.

அந்த இடம் முன்பு ரயில்வே சரக்கு நிலையம். 2012 ஒலிம்பிக் பந்தயத்தை எதிர்பார்த்து அங்கே வீரர்களுக்கு விடுதி கட்ட எண்ணியிருந்தார்கள். 2005-ல் பந்தயம் லண்டனுக்குப் போயிற்று. ஆயினும் நகரசபையார் சோர்ந்துவிடவில்லை. மார்ட்டின் லூதர் கிங் பெயரால் விசாலமான பூங்காவும், குறைந்த வாடகை வீடுகளும் அங்கே எழுந்தன. இதைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் வட்டாரந்தோறும் இருந்த சிறு நீதிமன்றங்களையும் இக்கோபுரத்திற்குள் கொண்டுவந்து அடைத்தது ஏனோ? வாடகைத் தகராறுக்குத் தன் வட்டாரத்திலேயே நியாயம் கேட்டுவந்த ஏழை இப்போது ஊரின் ஓரத்திற்குப் பயணம் செய்ய வேண்டும். சுரங்க ரயிலின் 14-ம் பாதை அங்கே எட்டியதே 2021 ஜனவரியில்தான்.

இதனினும் பெரிய குறை மண்டபங்களுக்குள் இருந்தது. காவலிலுள்ள குற்றஞ்சாட்டப்பட்டவர்களை நிறுத்தக் கண்ணாடிக் கூண்டுகள் அமைத்திருந்தார்கள். பிரெஞ்சு வக்கீல்கள் கிளர்ச்சி செய்தார்கள், வழக்கும் தொடுத்தார்கள். நாமும் ஒரு காலத்தில் கறுப்பு அங்கி தரித்தவர்களே. சாட்சி பொய் சொல்லும் தருணத்தில் கட்சிக்காரன் வக்கீலின் காதில் சொல்லும் ஒரு வார்த்தை எத்தனை வழக்குகளின் போக்கை மாற்றியிருக்கிறது! நடுவே கண்ணாடியை நிறுத்தினால் அந்த வார்த்தை எப்படி வந்து சேரும்? கூண்டுக்குள் நிற்பவனைக் காணும் எவருக்கும் அவன் நிரபராதியாக இருக்கலாம் என்ற நினைவு எளிதில் வருமா?

இது வக்கீல்களின் வீண் வாதமன்று. ஐரோப்பிய யூனியன் 2016-ல் பிறப்பித்த கட்டளையின் முகவுரை கைவிலங்கு, கால்விலங்கு இவற்றோடு கண்ணாடிப் பெட்டியையும் சேர்த்தே கண்டித்திருக்கிறது; அந்தந்த வழக்கின் தேவையை முன்னிட்டு மட்டுமே விலக்களிக்கிறது. வெளிச்சம் புகுவதற்காகக் கண்ணாடியால் கட்டிய மாளிகையில், குற்றம் நிரூபணமாகாத மனிதனை அடைக்கவும் அதே கண்ணாடியைப் பயன்படுத்தியதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். பந்தோபஸ்து அவசியமென்று நீதிபதி காரணம் எழுதி உத்தரவிடும் வழக்கு நீங்கலாக, மற்றவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவன் தன் வக்கீலின் பக்கத்தில் உட்கார பிரெஞ்சு சர்க்கார் இடமளிக்க வேண்டும்.