மூன்று மணிக்கு யார் போய் அழைத்து வருவார்?



நம் மறைமாவட்டத்திலிருந்து வந்து ஆறு ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவில், சிட்னியின் மேற்குப் பகுதியில் ஒரு பங்கில் பணியாற்றி வருகிறேன். ஊரிலிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, இங்கே வாழும் பிள்ளைகளைப் பற்றியவையே. அண்மையில் ஒரு தாய் பேசினார். "சாமி, என் பேரனுக்கு நாலு வயசு ஆகப்போகுது. காலையில ஆறரை மணிக்கே கொண்டுபோய் விட்டுட்டு வேலைக்குப் போறா. சாயங்காலம்தான் கூப்பிடுறாங்க. அங்க கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துலயே இலவசமா வகுப்பு இருக்காமே? இவ ஏன் காசும் கொடுத்து, பிள்ளையையும் பத்து மணி நேரம் விட்டுட்டுப் போறா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி."

மகளை எனக்குத் தெரியும். மருத்துவமனையில் செவிலியர். காலை ஏழு மணிக்குப் பணியில் நிற்க வேண்டும். கணவர் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறார். அவருடைய நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். "பேசுகிறேன் அம்மா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அதன் பிறகுதான், யாரிடம் எதைப் பேசுவது என்று யோசித்தேன். இதே மனத்தாங்கல் வேறு சில வீடுகளிலும் இருப்பதால், அவர்களுடைய அனுமதியுடன் இதை எழுதுகிறேன்.

முதலில் இங்குள்ள ஏற்பாட்டை விளக்க வேண்டும். நம்மூரில் அங்கன்வாடி என்றும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்றும் பழகிய நமக்கு இங்குள்ள பெயர்களே குழப்பம் தரும். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 'கிண்டர்கார்டன்' என்றால் தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பு. பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் அதே சொல் பள்ளிக்கு முந்தைய ஆண்டைக் குறிக்கும். மெல்போர்னில் இருக்கும் அண்ணன் சொல்வதைக் கேட்டு சிட்னியில் தம்பி விண்ணப்பத்தைத் தவறாக நிரப்பிய கதை எங்கள் பங்கிலேயே உண்டு.

நியூ சவுத் வேல்ஸில் பள்ளிக்கு முந்தைய ஆண்டுக்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, 'லாங் டே கேர்' எனப்படும் நாள் முழுதும் பார்த்துக்கொள்ளும் நிலையம். நம்மவர்கள் வெறுமனே 'சைல்ட்கேர்' என்பார்கள். கைக்குழந்தை முதல் பள்ளி வயது வரை சேர்க்கலாம். பெரும்பாலும் காலை ஏழு மணிவாக்கில் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடுவார்கள். ஆண்டில் 48 வாரங்களாவது இயங்கும். மற்றொன்று அரசுப் பிரீஸ்கூல். பெரும்பாலும் அரசுத் தொடக்கப் பள்ளி வளாகத்திலேயே இருக்கும். அந்த ஆண்டு ஜூலை 31-க்குள் நான்கு வயது நிறையும் குழந்தைகளுக்கு உரியது. காலை ஒன்பது மணி முதல் மூன்று மணி வரை, பள்ளி நாட்களில் மட்டும். அதிலும் தினமும் கிடையாது. ஒரு வாரம் இரண்டு நாள், மறுவாரம் மூன்று நாள் என்று பதினைந்து நாளில் ஐந்து நாள் என்பதே வழக்கமான ஏற்பாடு. சமூக அமைப்புகள் நடத்தும் பிரீஸ்கூல்களும் சில நூறு உண்டு. அவையும் ஏறக்குறைய பள்ளி நேரத்தை ஒட்டியே நடப்பவை.

அரசுப் பிரீஸ்கூலில் இப்போது கட்டணம் இல்லை. சைல்ட்கேரிலோ ஒரு நாளைக்கு 150 டாலருக்கு மேல் கேட்கும் இடங்கள் சிட்னியில் சாதாரணம். கேட்ட மாத்திரத்தில் அந்தத் தாய்க்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பள்ளி ஆண்டு ஏறக்குறைய 40 வாரம். பதினைந்து நாளில் ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு 100 நாள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என்றால் 600 மணி. இந்த 600 தற்செயலாக வந்த எண் இல்லை. பள்ளிக்கு முந்தைய ஆண்டில் ஒவ்வொரு குழந்தைக்கும், பட்டம் பெற்ற ஆசிரியரின் வழிநடத்துதலில், வாரம் 15 மணி வீதம் 600 மணி நேரக் கல்வி வேண்டும் என்று மத்திய அரசும் மாநில அரசுகளும் 2008-ஆம் ஆண்டு உடன்பாடு செய்துகொண்டன. முழுநேர ஊழியருக்கோ வாரம் 38 மணி வேலை. நான்கு வார ஆண்டு விடுப்பு போக, ஆண்டுக்கு 1,824 மணி. அரசு இலவசமாகத் தருவது அதில் மூன்றில் ஒரு பங்கு. மீதி நேரத்துக்கு வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். பள்ளி விடுமுறை மட்டும் ஏறக்குறைய 12 வாரம். தாயும் தகப்பனும் தங்கள் விடுப்பைச் சேர்ந்தே எடுக்காமல் மாறி மாறி எடுத்தாலும் எட்டு வாரம்தான் ஆகும்.

ஆகவே இலவசம் என்பது மூன்று மணிக்கு வாசலில் நிற்க ஆள் உள்ள குடும்பத்துக்கு இலவசம். பக்கத்து வீட்டுப் பேரன் அங்கே போகிறான் என்றால், அந்த வீட்டில் தாய் வேலைக்குப் போகவில்லை, அல்லது வீட்டிலிருந்தே வேலை செய்கிறார், அல்லது பாட்டி வந்திருக்கிறார். அவர்கள் கூடுதலாக அன்பு வைத்திருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை.

"படிப்பு எங்கே நல்லது சாமி?" என்று இங்குள்ள இளம் பெற்றோரும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைத்தான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 2012 முதல் நாடு முழுவதற்கும் ஒரே தரக் கட்டமைப்பு நடைமுறையில் உள்ளது. பிரீஸ்கூலும் சைல்ட்கேரும் பின்பற்ற வேண்டிய கற்றல் நெறிமுறை 2009-இல் வெளிவந்து 2022-இல் திருத்தப்பட்ட ஒரே ஆவணம். இரண்டு வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளுக்கு ஒருவர், இரண்டு முதல் மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர், அதற்கு மேல் இந்த மாநிலத்தில் பத்துப் பேருக்கு ஒருவர் என்பது சட்டம். இரண்டு இடத்திலும் அ, ஆ எழுத வைக்க மாட்டார்கள். மண்ணில் விளையாடுவார்கள், கதை கேட்பார்கள், தன் சாப்பாட்டு டப்பாவைத் தானே திறக்கப் பழகுவார்கள். நம் பெற்றோர் சிலருக்கு இதுவே ஏமாற்றம்!

காகிதத்தில் ஒன்றாக இருப்பது நடப்பில் ஒன்றாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசுப் பிரீஸ்கூல் ஆசிரியர் பள்ளி ஆசிரியருக்குரிய ஊதியம் பெறுகிறார். சைல்ட்கேரில் ஊதியம் குறைவு, வேலை நேரம் அதிகம். பட்டம் முடித்தவர் இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விடுகிறார். ஆசிரியர் கிடைக்காததால் விதிவிலக்கு வாங்கி நடத்தும் நிலையங்களும் உண்டு. 2024 டிசம்பரில் 10 விழுக்காடு, ஓராண்டு கழித்து 5 விழுக்காடு என மத்திய அரசு ஊதிய உயர்வுக்குப் பணம் ஒதுக்கியது இதனால்தான். தர மதிப்பீடுகளில், எதிர்பார்க்கும் தரத்தையும் தாண்டியவை என்ற நிலையைப் பிரீஸ்கூல்கள் அதிக விகிதத்தில் பெறுகின்றன.

இன்னொன்று, சைல்ட்கேர் நிலையங்களில் பெரும்பாலானவை இலாபத்துக்காக நடப்பவை. ஏ.பி.சி. லேர்னிங் என்ற ஒரே நிறுவனம் ஆயிரம் நிலையங்களை வாங்கிக் குவித்து 2008 நவம்பரில் சரிந்தபோது, குழந்தைகள் தெருவில் நிற்காதிருக்க அரசு பணம் போட வேண்டியதாயிற்று. அவற்றில் 600-க்கும் மேற்பட்டவற்றைத் தொண்டு அமைப்புகள் சேர்ந்து வாங்கி நடத்தின. 2025 ஜூலையில் மெல்போர்னில் ஒரு சைல்ட்கேர் ஊழியர் மீது குழந்தைகளிடம் தவறாக நடந்ததாகப் பல குற்றச்சாட்டுகள் பதிவாகியிருப்பது தெரியவந்தபோது, நாடே அதிர்ந்தது. எங்கள் பங்கிலும் பல தாய்மார் அந்த வாரம் தூங்கவில்லை. குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி ஒரு குருவானவர் அடுத்தவருக்குப் பாடம் சொல்லத் தகுதி அதிகம் இல்லை. 2013 முதல் 2017 வரை நடந்த அரச ஆணைக்குழுவின் விசாரணையில் நம் திருச்சபையின் நிறுவனங்கள் தலைகுனிந்து நின்றன. அந்த வெட்கத்தோடுதான் சொல்கிறேன்: எந்தப் பெயர்ப் பலகையையும் நம்பிக் குழந்தையை விடக் கூடாது.

பிறகு எதைப் பார்ப்பது? ஆட்களைப் பாருங்கள். இந்த அறையில் இருப்பவர் எத்தனை நாளாக இங்கே வேலை செய்கிறார் என்று கேளுங்கள். 'ஸ்டார்ட்டிங் பிளாக்ஸ்' என்ற அரசு இணையதளத்தில் ஒவ்வொரு நிலையத்தின் தர மதிப்பீடும் இருக்கிறது. அதையும் பாருங்கள். ஆனால் மதிப்பீடு சில ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்கலாம். அதன் பிறகு ஆட்களே மாறியிருக்கலாம். காலை பத்து மணிக்குச் சுற்றிக் காட்ட எல்லோரும் தயாராக இருப்பார்கள். மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். எல்லோரும் களைத்திருக்கும் அந்த நேரத்தில் அழும் குழந்தையை யார் தூக்குகிறார், எப்படிப் பேசுகிறார் என்பதில் பாதி விடை கிடைத்துவிடும்.

நேரம் பற்றிய கவலைக்கும் ஒரு பதில் உண்டு. இங்கிலாந்தில் 1997-இல் தொடங்கி ஏறக்குறைய 3,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், நிலையத்தின் தரமும் எத்தனை மாதங்கள் போனார்கள் என்பதும் குழந்தையின் கற்றலுக்கு உதவின. ஆனால் அரை நாள் போனவர்களைவிட முழு நாள் போனவர்கள் கூடுதலாக முன்னேறவில்லை. அமெரிக்காவில் 1991-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வோ, குழந்தை எங்கே விடப்பட்டது என்பதைவிட வீடும் பெற்றோரும் எப்படி என்பதே அதன் வளர்ச்சியோடு அதிகத் தொடர்புடையது என்று கண்டது. பாட்டி பார்த்துக்கொண்டு, வாரம் இரண்டு மூன்று நாள் பிரீஸ்கூல் போகும் பிள்ளை எதையும் இழக்கவில்லை. நல்ல சைல்ட்கேரில் பகலைக் கழித்து, மாலையில் வீட்டில் பேச்சும் சிரிப்பும் உள்ள பிள்ளையும் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை.

பணத்தின் பக்கம் அநீதி இருக்கிறது. சைல்ட்கேருக்கு மத்திய அரசின் மானியம் உண்டு. 2023 ஜூலை முதல், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அது 90 விழுக்காடு வரை போகும். மானியம் கிடைக்கும் நேரம் முன்பெல்லாம் பெற்றோரின் வேலை, படிப்பைப் பொறுத்தே அமையும். 2026 ஜனவரி 5 முதல், தகுதியுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் வாரத்துக்கு மூன்று நாள் உறுதி. நல்ல மாற்றம். ஆனால் தற்காலிக வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த மானியமே இல்லை. வரி கட்டுகிறார்கள், முதியோர் இல்லங்களில் இந்த நாட்டின் தாய் தகப்பன்மாரைக் குளிப்பாட்டுகிறார்கள். தங்கள் குழந்தைக்கு முழுக் கட்டணம் செலுத்துகிறார்கள். மறுபக்கம், மாநிலத்தில் சைல்ட்கேர் நிலையங்கள் 3,000-க்கும் மேல் இருக்க, அரசுப் பிரீஸ்கூல்கள் நெடுநாளாக நூறுதான் இருந்தன. இன்னும் நூறு கட்டுவதாக 2023 தேர்தலில் வாக்குறுதி தந்து வென்ற அரசு, 2027-க்குள் முடிப்பதாகச் சொன்னது. கட்டடம் வந்தாலும் மணி மூன்றுக்கு அடிக்கத்தான் போகிறது. பிரீஸ்கூல் வாசலில் காலையும் மாலையும் கூடுதலாக மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யாத வரை, செவிலியரின் பிள்ளைக்கு அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது என்பது என் கருத்து.

ஊரிலிருக்கும் தாய்மாருக்கு ஒன்று. "நான் வந்து பார்த்துக்கிறேன்" என்று பலர் புறப்பட்டு வருகிறீர்கள். வாருங்கள். ஆனால் மொழி தெரியாத தெருவில், பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாமல், ஒரு சிறு குழந்தையோடு பத்து மணி நேரம் அடைபட்டிருப்பது எளிதல்ல. வார நாள் திருப்பலிக்கு வரும் பாட்டிகளின் முகத்தில் அதைப் பார்க்கிறேன். விசாவும் ஒரு நாள் முடியும். நீங்கள் விமானம் ஏறிய மறுநாள், அதுவரை உங்களை விட்டுப் பிரியாத பிள்ளையைப் புதிய முகங்களிடம் விட நேர்ந்தால் அது இரட்டைப் பிரிவு. போவதற்குச் சில மாதம் முன்பே வாரம் இரண்டு நாள் பழக்கிவிடுவது நல்லது.

தமிழ் போய்விடும் என்ற பயமும் நியாயமானதே. 2021 கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழ் பேசுவோர் இந்நாட்டில் 95,000-க்கும் மேல். அவர்களில் எத்தனை பிள்ளைகள் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள் என்று எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது. எங்கள் பங்கில் ஒரு தகப்பன், தண்ணி, பசிக்குது, வலிக்குது, அம்மா வருவாங்க என்று எட்டுச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்தார். அவர் அதைச் சுவரில் ஒட்டி வைத்து, சொல்லிப் பழகினார். நான் பார்த்த நல்ல ஆசிரியர்களில் அவர் ஒருவர்.

அந்தச் செவிலியர் மகளிடம் கடைசியில் பேசினேன். அரசுப் பிரீஸ்கூலையும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். நல்ல இடம், பெரிய மரம், இடமும் கிடைத்திருக்கிறது. மூன்று மணிக்கு யார் என்பதில்தான் நின்றுபோனது. இப்போதிருக்கும் சைல்ட்கேரிலேயே ஒரு பட்ட ஆசிரியர் ஏழு ஆண்டாக இருக்கிறார், பையனுக்கு அவரைப் பிடிக்கும். அங்கேயே விட முடிவு செய்தார்கள். கணவர் தன் மேற்பார்வையாளரிடம் கேட்டு வெள்ளிக்கிழமையை விடுப்பு நாளாக மாற்றிக்கொண்டதால், ஐந்து நாள் நான்காயிற்று.

தாயிடம் இதையெல்லாம் சொன்னபோது உடனே சமாதானமாகவில்லை. "சரி சாமி, அப்போ நான் என்ன செய்றது?" என்றார். இங்கே மாலை ஏழு மணி, ஊரில் பிற்பகல் இரண்டரை. அந்த நேரத்தில் தினமும் அழைத்துப் பேரனோடு மட்டும் பேசுங்கள், மகளிடம் வேறு எதையும் கேட்காதீர்கள் என்றேன். சென்ற வாரம் மறுபடி பேசினார். பையன் எறும்புப் புற்றைப் பற்றி இருபது நிமிடம் சொன்னானாம். பாதி ஆங்கிலமாம். "எறும்பு மட்டும் எறும்புன்னுதான் சொன்னான் சாமி" என்றார்.