நூற்றுக்கு நூறு: வரவுப் பற்று சரிதானா?

அமெரிக்காவில் ‘சார்ட்டர் பள்ளி’ என்றொரு முறை இருக்கிறது. 1991-இல் மின்னசோட்டா மாநிலம் இதற்குச் சட்டம் செய்தது; மறு ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தார்கள். பணம் அரசாங்கத்தினுடையது, நிர்வாகம் தனிக் குழுவினுடையது, பிள்ளைகளிடம் கட்டணம் கிடையாது. இன்ன பலன் காட்டுகிறோம் என்று குழுவினர் எழுதிக் கொடுக்க வேண்டும். காட்டாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம். 1889-லேயே மகமைப் பணத்தில் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை கண்டவர்கள் வியாபாரிகள். ஆகவே இந்த ஏற்பாடு நமக்குப் புரியாததல்ல.

சிகாகோ நகரில் இங்கிள்வுட் என்பது வறுமை மிகுந்த பகுதி. அங்கே கறுப்பினப் பையன்களுக்காக 2006-இல் ‘அர்பன் பிரெப்’ உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. 2010-இல் படிப்பை முடித்த முதல் அணியினர் 107 பேர். அத்தனை பேருக்கும் நான்காண்டுக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது. கல்லூரி அனுமதி கிடைத்த பையனுக்குச் சிவப்பு டைக்குப் பதிலாகக் கோடு போட்ட டை கட்டி விடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். நல்ல வழக்கம்தான். நூற்றுக்கு நூறு என்று நாடே பாராட்டியது.

ஆனால் 2006-இல் சேர்ந்தவர்கள் சுமார் 150 பேர். 150 மூட்டை துவரை இறங்கி, 107 மூட்டை முதல் தரத்தில் விற்றது என்று குமாஸ்தா சொன்னால், பாக்கி 43 எங்கே என்றுதானே கேட்போம்? (பிள்ளைகளைச் சரக்கோடு ஒப்பிடுகிறேன் என்று கோபிக்க வேண்டாம், எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்.) ஊர் மாறிப் போனவர்களும் இருக்கலாம். இருந்தாலும் பேரேட்டில் அதற்கும் ஒரு வரி வேண்டும்.

அதே நியாயத்தில் ஆரம்ப இருப்பையும் பார்க்க வேண்டும். சேரும்போது வகுப்புக்கு ஏற்றபடி வாசிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 4 பேர்தான். அப்படிப்பட்டவர்களைக் கல்லூரி வாசல் வரை கொண்டு சென்றது சாமானிய வேலையல்ல. பிற்பாடு 2022-இல் பண நிர்வாகம் முதலிய காரணங்களைக் கூறிச் சிகாகோ கல்வி வாரியம் ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய வாக்களித்ததும், விவகாரம் கோர்ட்டுக்குப் போனதும் தனிக் கதை.

நம் பக்கத்துப் பள்ளிகளிலும் ‘100 சதவீதத் தேர்ச்சி’ என்று வாசலில் பேனர் கட்டுகிறோம். ஒன்பதாம் வகுப்பில் தட்டுத் தடுமாறும் பையனின் தகப்பனாரைக் கூப்பிட்டு, “டி.சி. வாங்கிக் கொள்ளுங்கள், தனித் தேர்வராக எழுதட்டும்” என்று சொல்லும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்தத் தகப்பனார் யார்? டாக்டரல்ல, வக்கீலல்ல. பெரும்பாலும் நம் கிட்டங்கியில் மூட்டை சுமப்பவர், கடையில் பொட்டலம் மடிப்பவர். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துப் பள்ளி கட்டிவிட்டு, அந்த மூட்டையைச் சுமந்தவரின் பிள்ளையைப் பேனருக்காக வெளியே அனுப்புவது என்ன நியாயம்? தேர்ச்சி 92 ஆகக் குறைந்தால் குறையட்டுமே. சேர்க்கைக்கு ஆள் வராது என்பார்கள் கமிட்டியார். முதல் இரண்டு வருஷம் வராமல் போகலாம், தாங்கிக் கொள்ளலாம்.

சங்கப் பள்ளிகளின் ஆண்டறிக்கையில் தேர்ச்சி சதவீதத்துக்கு மேலே இரண்டு எண்களை அச்சிட வேண்டும்: ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர். இடையில் போனவர்கள் எங்கே போனார்கள் என்று கீழே ஒரு வரி. ஆண்டுப் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர உத்தேசித்திருக்கிறேன். வழிமொழிய விரும்பும் அன்பர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும்.