சாவி கைக்கு வந்தால் போதுமா?

வீடு கட்டுவதில் இரண்டு வழி உண்டு.

செங்கல், மணல், சிமெண்டு எல்லாவற்றையும் வீட்டுக்காரரே வாங்கிப் போட்டு, கொத்தனாருக்குக் கூலி மட்டும் கொடுப்பது ஒரு வழி. "மொத்தம் இவ்வளவு ரூபாய். வேலையை முடித்து, சாவியைக் கையில் கொடுத்துவிடு" என்று மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிடுவது இன்னொரு வழி.

சின்னமனூரில் இந்த இரண்டையும் அறியாத குடும்பம் இராது.

இரண்டாவது வழியில் அலைச்சல் இல்லை. ஆனால் சுவருக்குள் என்ன கலவை போயிற்று என்பது மேஸ்திரிக்குத்தான் வெளிச்சம்!

நாடுகளும் இப்படிச் செய்வது உண்டு. மின்சார நிலையம் வேண்டும். கட்டத் தெரிந்த ஆள் உள்நாட்டில் இல்லை. வெளிநாட்டுக் கம்பெனியிடம் முழு வேலையையும் விட்டுவிடுகிறார்கள். வரைபடம் போடுவது முதல், எந்திரம் பூட்டி, ஓட்டிக் காட்டுவது வரை அந்தக் கம்பெனியின் பொறுப்பு. இதற்கு "டர்ன்கீ" ஒப்பந்தம் என்று பெயர். சாவியைத் திருப்பினால் போதும், எந்திரம் ஓடும் என்பது பொருள்.

கூடிப் படிக்கும் பாடம்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பொறியியலும் பாலிடெக்னிக்கும் படிக்கப் போகும் பிள்ளைகள் உண்டு. படிப்பு முடிந்து வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கே பல பெரிய ஆலைகள் இந்த முறையில்தான் எழுகின்றன. ஆனால் பாடப் புத்தகத்தில் இதற்கு இலக்கணம் இரண்டு வரி. மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரும், விவரம் வராது.

விவரம் வருவதற்கு வேறு வழி இருக்கிறது. உண்மையில் நடந்த ஒரு விவகாரத்தை எடுத்துக்கொண்டு, ஐந்தாறு பேர் கூடி உட்கார்ந்து அலசுவது. அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளி இந்த முறைக்குப் பேர்போனது. 1961-ல் ஆமதாபாத்தில் தொடங்கிய இந்திய மேலாண்மைக் கழகமும் இதைப் பின்பற்றியது.

ஒருவர் வேலை கொடுத்த நாட்டுக்காகப் பேச வேண்டும். இன்னொருவர் கம்பெனிக்காக. மற்றொருவர் கடன் கொடுத்தவருக்காக. நான்காமவர், நிலம் கொடுத்த ஊர்க்காரருக்காக. ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல!

தாராப்பூர் கதை

அலசுவதற்கு இந்தியாவிலேயே அருமையான வழக்கு ஒன்று இருக்கிறது. பம்பாய்க்கு வடக்கே, கடலோரத்தில் உள்ள தாராப்பூர் அணுமின் நிலையம்.

இந்தியாவின் முதல் அணுமின் நிலையம் இது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியுடன் 1964-ல் ஒப்பந்தம் ஆயிற்று. முழுக்க முழுக்க டர்ன்கீ. கடனும் அமெரிக்கா கொடுத்தது. எரிபொருளான செறிவூட்டிய யுரேனியத்தையும் 30 ஆண்டுக்குத் தருவதாக 1963-ல் இரு நாடுகளுக்கும் உடன்பாடு. 1969-ல் இரண்டு உலைகளும் மின்சாரம் கொடுத்தன. ஐந்தே ஆண்டு!

இதுவரை கேட்டால், நாட்டுக்காகப் பேசுகிறவர் மார் தட்டிக்கொள்ளலாம்.

கம்பெனிக்காகப் பேசுகிறவரிடம் வேறு கதை இருக்கும். அந்த ஆண்டுகளில் அமெரிக்காவிலேயே, "விலை இவ்வளவுதான், ஏறாது" என்று சொல்லி அணுமின் நிலையங்களைக் கட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். 1963-ல் நியூ ஜெர்சியில் ஆய்ஸ்டர் கிரீக் என்ற இடத்துக்குப் போட்ட ஒப்பந்தம் அதற்குத் தொடக்கம். செலவு கூடியது, பேசிய விலை கூடவில்லை. கம்பெனிகளுக்குக் கடும் நட்டம். 1966-க்குப் பிறகு, அப்படி ஒரே விலைக்கு முழு வேலையையும் ஏற்பதை விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் டர்ன்கீ என்பது வாங்குகிறவருக்கே லாபம்தானா?

அவசரப்படக் கூடாது. 1974-ல் இந்தியா பொக்ரானில் அணு வெடிப்புச் சோதனை நடத்தியது. 1978-ல் அமெரிக்கா புதிய சட்டம் போட்டது. தாராப்பூருக்கு யுரேனியம் வருவது தடைப்பட்டது. ஒப்பந்தத்தில் 30 ஆண்டு என்று எழுதியிருந்தும் பயன் இல்லை! 1980-களில் பிரான்சு கைகொடுத்தது. பிறகு சீனா, ரஷ்யா என்று வேறு வாசல்களைத் தட்ட வேண்டியதாயிற்று.

சாவி இந்தியாவின் கையில். எரிபொருளோ அடுத்தவர் கிடங்கில். மாட்டு வண்டியை வாங்கிவிட்டு, மாட்டை மட்டும் ஆண்டுக்காண்டு இரவல் கேட்பது போன்ற நிலை!

நிலையம் நின்றுவிடவில்லை. இந்தியப் பொறியாளர்கள் பழுது பார்த்து ஓட்டினார்கள். உலை ஒவ்வொன்றின் திறனும் 210 மெகாவாட்டிலிருந்து 160 மெகாவாட்டாகக் குறைக்கப்பட்டது. கட்டும்போது கற்றுக்கொள்ளாததை, ஓட்டும்போது கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும்.

கல்பாக்கத்தில் வேறு வழி. அங்கே கட்டியவர்கள் இந்தியர்களே. முதல் உலை 1983-ல்தான் இயங்கத் தொடங்கியது. வேலை தொடங்கிப் பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஆனால் வேலை உள்ளூர்க் கையில் படிந்தது. காலம் பெரிதா, கைத்தொழில் பெரிதா? கூட்டத்தில் சண்டை மூளும் இடம் இதுதான். மூளட்டும்!

கூடங்குளம் கதை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 1988-ல் சோவியத் யூனியனோடு உடன்பாடு ஆனபோது, டர்ன்கீ முறையில்தான் பேச்சு. 1991-ல் சோவியத் யூனியனே கலைந்துபோயிற்று. 1998-ல் ரஷ்யாவோடு மறுபடி உட்கார்ந்து பேசினார்கள். வரைபடமும் எந்திரமும் ரஷ்யாவினுடையவை. கட்டும் வேலை இந்தியாவினுடையது என்று மாறிற்று. தாராப்பூரில் பட்டது யாருக்கும் மறந்திருக்காது.

இந்தியா சாவி வாங்கும் நாடு மட்டும் அல்ல, கொடுக்கும் நாடும்கூட. திருச்சியில் கொதிகலன் செய்யும் பெல் நிறுவனம், லிபியாவில் திரிபோலி மேற்கு மின் நிலையத்தை டர்ன்கீ முறையில் கட்டிக் கொடுத்தது. அங்கே கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தவர்கள் லிபியாக்காரர்கள்.

சின்னமனூருக்கு முதல் பாடம்

இதையெல்லாம் அலச ஆமதாபாத்துக்கா போக வேண்டும்? சின்னமனூரில் நூலகத்துத் திண்ணை போதும். முதல் நாள் வெளிநாட்டு வழக்கும் வேண்டாம். வயலுக்கு வரும் தண்ணீரின் வழக்கையே எடுத்துக்கொள்ளலாம்.

முல்லைப் பெரியாறு அணை டர்ன்கீ அல்ல. சென்னை அரசாங்கத்தின் பொதுப்பணித் துறை, பென்னிகுயிக் தலைமையில், தானே கட்டியது. 1887-ல் தொடங்கி 1895-ல் திறந்தார்கள். ஆனால் ஒப்பந்தம் எழுதும் வித்தைக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

1886-ல் திருவிதாங்கூரோடு எழுதிய பத்திரம் அது. 8,000 ஏக்கர், 999 ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். எழுதியவர்கள் மனதில் பாசனம் இருந்தது. மின்சாரம் இல்லை. பின்னால் அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று சென்னை நினைத்தபோது தகராறு வந்தது. பாசனத்துக்குத்தான் உரிமை என்று 1941-ல் நடுவர் தீர்ப்புச் சொன்னார். லோயர் கேம்பில் மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகுதான், 1970-ல், கேரளத்தோடு புதிய உடன்பாடு ஆயிற்று. ஏக்கர் வாடகை 30 ரூபாய் ஆனது. மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம்.

பத்திரத்தில் விடுபட்ட ஒரு சொல்லுக்காக எத்தனை ஆண்டுப் பேச்சுவார்த்தை!

அந்த 1886-ம் ஆண்டுப் பத்திரத்தை நடுவில் வைத்து, சென்னைக்காக மூன்று பேர், திருவிதாங்கூருக்காக மூன்று பேர் என்று பிரிந்து உட்காரலாம். திருவிதாங்கூர் பக்கம் உட்கார ஆள் கிடைப்பதுதான் சின்னமனூரில் சிரமம். அந்தப் பக்கத்துக்குச் சீட்டுப் போட்டுத்தான் ஆள் எடுக்க வேண்டியிருக்கும்!